வைட்சேப்பல் 1888: ஆவணம் தேடுகிறவர்களின் அனுபவப் பகிர்வு

1888-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதியில் ஐந்து பெண்களைக் கொன்ற ‘ஜாக் தி ரிப்பர்’ வழக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே ‘கொலையாளி யார்’ என்று போய் நிற்கிறார்கள். தெருவே பிடிபடாமல் ஆள் எப்படிப் பிடிபடுவான்? மேரி ஆன் நிக்கல்ஸ் 1888 ஆகஸ்ட் 31 விடியற்காலையில் கொலையுண்டு கிடந்த பக்ஸ் ரோ என்ற தெரு இன்றைய வரைபடத்தில் இல்லை. 1892-லேயே அது டர்வர்ட் தெரு ஆகிவிட்டது. எலிசபெத் ஸ்ட்ரைட் கொலையான பெர்னர் தெரு இப்போது ஹென்ரிக்ஸ் தெரு. மேரி கெல்லி கொலையான இடத்தை ஒட்டிய டோர்செட் தெரு 1904-ல் டூவல் தெரு என்று பெயர் மாறி, பின்னால் சந்தை விரிவாக்கத்தில் வடக்குப் பக்கத்தையே இழந்தது. பழைய பெயர், புதுப் பெயர், மாறிய ஆண்டு என மூன்று பத்தி அட்டவணை போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

வரைபடத்துக்கு பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் மைலுக்கு 5 அடி அளவுத் தாள்கள் போதும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அங்குள்ள லண்டன் தாள்கள் 1890-களின் பதிப்பு. 1888-க்குப் பின் இடித்துக் கட்டியவையும் அதில் சேர்ந்திருக்கும். பக்ஸ் ரோவின் பள்ளிக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதை நிலைப்புள்ளியாக வைத்துப் பழையதையும் புதியதையும் பொருத்தினால் தவறாது. தெருக்களின் வறுமையை நிறத்தில் காட்டும் சார்லஸ் பூத்தின் வரைபடத்தையும் மேலே போடலாம், ஆனால் அந்த நிறம் தெருவுக்குக் கொடுத்த மதிப்பீடு. வீட்டுக்கு வீடு பொருத்திப் பேசக் கூடாது.

*

இடத்தைவிட நேரம்தான் அதிகம் படுத்தும். ஆனி சாப்மனின் உடல் கிடந்த ஹான்பரி தெரு 29-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், செப்டம்பர் 8. மதுவாலைக் கடிகாரம் ஐந்தரை அடித்தபோது ஆனி சாப்மன் ஓர் ஆணோடு உயிரோடு நின்றதாக எலிசபெத் லாங் சொல்கிறார். பக்கத்து வீட்டு கேடோஷோ அதற்கு முன்பே வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ மோதிய சத்தம் கேட்டுவிட்டு, 5:32 அளவில் தேவாலயத்தைத் தாண்டிவிட்டார். ஆறரைக்கு உடலைப் பார்த்த டாக்டர் பிலிப்ஸோ, இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் என்கிறார். மூன்றும் ஒன்றாக ஒட்டாது.

தனக்குப் பிடித்த சாட்சியை வைத்துக்கொண்டு மற்ற இருவரைத் தூக்கி எறிவதுதான் வழக்கமான கோளாறு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே, மணியோசை கேட்டதா, கடிகாரம் பார்த்ததா, வெறும் ஊகமா என்று எழுதி வையுங்கள். ஊகத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் இடம் விடுங்கள். பிலிப்ஸே குளிர்ந்த காலை, ஏராளமான ரத்த இழப்பு என்று தன் கணக்குக்கு விலக்கு வைத்திருக்கிறார். பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

*

சரிதான், ஆனால் அந்தச் சாட்சியங்கள் நமக்கு எப்படி வந்தன என்பதையும் சேர்க்க வேண்டும். கொலையான ஐவரில் கேத்தரின் எடோஸ், மேரி கெல்லி இருவரின் மரண விசாரணைத் தாள்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. மற்ற மூவருக்கும் செய்தித்தாளே கதி. ஒரே நாளின் டெய்லி டெலிகிராஃப், டைம்ஸ், ஈஸ்ட் லண்டன் அப்சர்வர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாக்கியம் வார்த்தை மாறாமல் ஒத்துப்போனால் மூன்று சான்று என்று எண்ணாதீர்கள். ஒரே செய்தி முகமையின் குறிப்பை எல்லோரும் அச்சிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எடோஸ் இறந்த மைட்டர் சதுக்கம், பெருநகரப் போலீஸிலிருந்து தனியான சிட்டி போலீஸின் எல்லை. அவருடைய விசாரணைத் தாள்களைத் தேட வேண்டியது லண்டன் ஆவணக் காப்பகத்தில். பெருநகரப் போலீஸின் கோப்புகள் (கோப்பு எண் மெப்போ 3/140 முதல் 142 வரை) லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

அங்கேதான் போலீஸ் அதிகாரி மெக்நாட்டன் சந்தேக நபர்களைப் பற்றி 1894-ல் எழுதிய குறிப்பும் இருக்கிறது. கொலைகள் நடந்தபோது அவர் அந்தத் துறையிலேயே இல்லை, 1889-ல்தான் சேர்ந்தார். அதில் வரும் ட்ரூயிட்டை டாக்டர் என்று சொல்லப்படுகிறவர் என்கிறார். உண்மையில் அவர் 31 வயது வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர். இன்னொரு சந்தேக நபரான ஆஸ்ட்ரோக் கொலைகளின்போது பிரெஞ்சுச் சிறையில். அதிகாரி எழுதியது என்பதற்காக வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

*

மேரி கெல்லியின் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லிமரிக்கில் பிறந்தார், வேல்ஸில் வளர்ந்தார், சுரங்க வெடிப்பில் கணவர் இறந்தார் என்பதெல்லாம் கெல்லி சொன்னதாக, அவரோடு வாழ்ந்த ஜோசப் பார்னெட் சொன்னது. வயது சுமார் 25 என்றால் பிறப்பு 1863 வாக்கில். அயர்லாந்தில் எல்லாப் பிறப்பும் பதிவானது 1864-லிருந்துதான்! 1861, 1871 அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்குத் தாள்களை அரசே அழித்துவிட்டது. எஞ்சியது கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். அதில் மேரி கெல்லிகள் வண்டி வண்டியாகக் கிடைப்பார்கள். தந்தை ஜான் என்றும், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையில் ஒரு சகோதரர் என்றும் பார்னெட் சொன்ன இரண்டும் சேர்ந்து பொருந்தாமல் யாரையும் ‘கண்டுபிடித்தேன்’ என்று அறிவிக்காதீர்கள்.

*

பெயரில் சிக்கினால் முகவரியைப் பிடியுங்கள். நிக்கல்ஸின் உடலை முதலில் பார்த்த வண்டிக்காரர் விசாரணையில் சார்லஸ் கிராஸ், டவ்டன் தெரு 22 என்றார். அந்தப் பெயரில் தேடினால் ஆள் அகப்படமாட்டார். 1891 ஏப்ரல் 5 கணக்கெடுப்பில் அதே கதவிலக்கத்தைத் திறந்தால் சார்லஸ் லெக்மியர் இருக்கிறார். உடனே ‘பொய்ப்பெயர், அவன்தான்’ என்று குதிக்கிறவர்கள் இன்னும் முப்பது ஆண்டு பின்னால் போகட்டும். லெக்மியரின் மாற்றாந்தந்தை தாமஸ் கிராஸ் ஒரு போலீஸ்காரர். 1861 கணக்கெடுப்பிலேயே பையன் பெயர் சார்லஸ் கிராஸ்தான்.