1638, 1643 உடன்படிக்கைகள்: இரண்டும் ஒன்றா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் இந்த இரண்டு உடன்படிக்கைகளுக்கும் என்ன வித்தியாசம்? போதகர்களுக்கு மரண தண்டனை வரை போனது எப்படி?

பதில் 1: வேறு வேறு. 1638 பிப்ரவரி 28 அன்று எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில் கையெழுத்தானது தேசிய உடன்படிக்கை. முதலாம் சார்லஸ் திணித்த வழிபாட்டுப் புத்தகத்துக்கு எதிர்ப்பு. 1643-இல் செய்தது இங்கிலாந்து நாடாளுமன்றத்துடனான பேரம்: ஸ்காட்டியப் படை உதவிக்குப் போகும், பதிலுக்கு இங்கிலாந்து, அயர்லாந்து சபைகள் சீர்திருத்தப்படும். 'தேவ வார்த்தையின்படி' என்ற சொற்களை நுழைத்து, ஆயர்கள் (பிஷப்புகள்) இல்லாமல் மூப்பர் அவைகள் சபையை நடத்தும் பிரஸ்பிடேரியன் முறைக்குக் கட்டுப்படாமல் நழுவ இங்கிலாந்துத் தரப்பு வழி வைத்துக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான்!

பதில் 2: இரண்டாம் சார்லஸே 1650-இல் இவற்றை ஏற்றுக் கையெழுத்திட்டவர். அரியணை திரும்பியதும் எல்லாம் தலைகீழ். 1662-இல் ஆயர்கள் மீண்டார்கள். திருச்சபைப் புரவலரின் (போதகரை முன்மொழியும் உரிமை பெற்றவரின்) நியமனமும் ஆயரின் ஒப்புதலும் பெற மறுத்த சுமார் 270 போதகர்கள் பதவி இழந்தார்கள். அவர்கள் வயல்வெளியில் பிரசங்கிக்க, 1670 சட்டம் அதற்கு மரண தண்டனை விதித்தது.

பதில் 3: ஒரு திருத்தம், எல்லாச் சாவும் நீதிமன்றம் வழியாக அல்ல. 1684-க்குப் பின், உடன்படிக்கைக்காரர்கள் அரசருக்கு எதிராக வெளியிட்ட போர்ப் பிரகடனத்தை மறுதலித்துச் சத்தியம் செய்யாதவரை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அங்கேயே கொல்லலாம். அதற்காக விசாரணையே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். போதகர் ஜேம்ஸ் ரென்விக் முறையான விசாரணைக்குப் பின், 1688 பிப்ரவரி 17 அன்று எடின்பரோவின் கிராஸ்மார்க்கெட்டில் தூக்கிலிடப்பட்டார். இன்னொரு போதகர் டொனால்ட் கார்கிலுக்கும் 1681-இல் விசாரணை நடந்தது.