மழலையர் வகுப்புக்கு உலகக் கதைகள்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். பள்ளி நூலகத்தில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 24 பேருக்கு வாரம் ஒருமுறை கதை நேரம், 30 நிமிடம். கண்டத்துக்கு ஒரு கதையாவது சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம் (அண்டார்க்டிகாவை விட்டுவிடலாம்).

படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். நிதானமாக வாசித்தால் 10 நிமிடம். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கவாட்டில் கீழ்விளிம்பில் பிடிப்பது, பக்கம் திருப்புமுன் மூன்று எண்ணும் நேரம் நிறுத்துவது, ஜன்னல் வெளிச்சம் படத்தின் மேல் விழும்படி உட்காருவது, இதெல்லாம் சரியாகவே நடக்கிறது.

சிக்கல் வேறு. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் அகான் மக்கள் சொல்லும் அனன்சி என்ற சிலந்தியின் கதையில், அதன் தந்திரம் பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆனால் கானா எங்கே என்று உலக உருண்டையைக் காட்டினால், அது அவர்களுக்கு வெறும் பந்து! அதைவிட முக்கியம்: நாட்டுப்புறக் கதைகளையே சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் காட்டில்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரு பழங்கதைக்கு ஒரு இன்றைய கதை என்று ஜோடி சேர்க்க வேண்டும். பேருந்து, மழைநாள், பல் விழுவது, இப்படி ஏதாவது.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவைப் பற்றி அப்படிப்பட்ட படக்கதைகள் தமிழில் எவை? பக்கத்துக்கு இரண்டு வரி போதும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால், கூடவே சொல்வார்கள். சொற்களே இல்லாத புத்தகமானாலும் சரி.

ஸ்டோரிவீவர் என்ற இலவச இணையக் கதைத் தளத்திலும் தேடுகிறோம். அங்கிருந்து அச்செடுத்து நடுவில் பின் அடித்தால் படத்தில் பாதி முகம் மடிப்புக்குள் போய்விடுகிறது. வேறு விதமாகக் கட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?