கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு பையனுக்கு வேலை வேண்டும்

குழுவில் உள்ள அண்ணன், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோத்தகிரி. கீழே சமவெளியில் ஒரு கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை நடக்கும்போது தங்கவைக்கும் இடம்) காப்பாளராக இருக்கிறேன்.

எங்களிடம் இருந்த ஒரு பையன் அடுத்த மாதம் மலைக்குத் திரும்புகிறான். வயது 18 முடிந்தது, வழக்கும் முடிந்தது. ஒயரிங் வேலைக்கு ஆள் வந்தால் பக்கத்திலேயே நிற்பான். பார்த்தே பாதி கற்றுக்கொண்டான். தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள், மோட்டார் ரீவைண்டிங் கடை, டூவீலர் ஒர்க்‌ஷாப், எதுவானாலும் சரி. சம்பளம் குறைவென்றாலும் தொழில் கற்றுத்தர வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற நேரத்தில் விட்டால் நல்லது, இல்லையென்றால் தங்க இடம் வேண்டும்.

வெளியே போன முதல் சில மாதங்கள்தான் இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் பழைய கூட்டாளிகள் தேடி வந்துவிடுவார்கள். கெட்டிக்காரப் பையன்கள் அப்படித் திரும்பி வந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அவன் அடையாளத்தை வெளியிடக் கூடாது. அதனால் யார், என்ன வழக்கு என்று இங்கே கேட்காதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. இல்லத்தை விட்டு 18 வயதில் வெளியேறுகிறவர்களுக்கு உதவித்தொகை தர அதே சட்டத்தின் 46ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஊட்டியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக அதை வாங்கிக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். வேலை பற்றி உள்பெட்டியில் எழுதுங்கள், நானே நேரில் வந்து பேசுகிறேன்.