போலோவுக்கு சஸ்பென்ஷன் மாற்ற வேண்டும், ஆனால் பின் சீட்டில் அம்மா திட்டக் கூடாது

சேலம்போலோ:
வணக்கம். வண்டி 2015 ஃபோக்ஸ்வேகன் போலோ கார், 1.5 டீசல், ஹைலைன் மாடல், ஓட்டம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்ஜினைக் குறை சொல்ல முடியாது, குறையெல்லாம் கீழேதான். தினமும் சேலத்திலிருந்து நாமக்கல் போய் வருகிறேன். நாலுவழிச் சாலையில் நூறைத் தொட்டால் முன்பக்கம் மிதக்கிறது, பாலத்து இணைப்பைத் தாண்டினால் ஒரு தடவை எழும்பி அமராமல் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. வளைவில் பாடி நன்றாகச் சாய்ந்த பிறகுதான் வண்டி திரும்பவே ஆரம்பிக்கிறது. சின்னக் குழியில் இறங்கினால் இடது முன்பக்கத்தில் 'டக்' என்று ஒரு தட்டு.

ஒரு ஆக்சஸரீஸ் கடையில் வண்டியின் உயரத்தை 35 மில்லிமீட்டர் இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் போடச் சொன்னார்கள், இன்னொரு கடையில் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் மாட்டினால் போதும் என்றார்கள். வார இறுதியில் அம்மா பின் சீட்டில் வருவார், அவருக்கு முதுகுவலி. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று என்று வேகத்தடை வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். சாய்வு குறைய வேண்டும், சொகுசும் போகக் கூடாது, அப்படி ஒரு வழி இருக்கிறதா? பணம் ஒரே தடவையில் போட முடியாது, படிப்படியாகச் செய்யலாம்.

கியர்_நாலு:
தம்பி, நீங்கள் சொல்வதை அப்படியே படித்தால் வண்டிக்கு இன்னும் அப்கிரேடே தேவைப்படவில்லை. மிதப்பது, ஆடி அடங்குவது இரண்டும் ஷாக் அப்சார்பர் தீர்ந்துபோனதற்கான அடையாளம். அந்த 'டக்' தட்டு லிங்க் ராடாகவோ (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியை ஷாக்கோடு இணைக்கும் சின்னத் தண்டு) லோயர் ஆர்ம் புஷ்ஷாகவோ (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்) இருக்கும். ஓய்ந்துபோன ஷாக்கோடு புது ஸ்பிரிங் போட்டால் இன்னும் மோசமாகத்தான் ஆடும்.

முதலில் லிஃப்டில் ஏற்றி நீங்களே கூட நின்று பாருங்கள், 'எல்லாம் ஓகே சார்' என்று சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள். ஷாக்கின் மேல் லேசாக எண்ணெய்ப் படலம் இருப்பது பெரிய விஷயமில்லை, ஆனால் உடம்பெல்லாம் நனைந்து அதில் மண் ஒட்டி கறுப்புக் களிம்பாக இருந்தால் அது முடிந்த கதை. ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு உள்ளே பம்ப் ஸ்டாப்பைப் பாருங்கள், ஷாக் அடிவரை போகும்போது அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தென்ற தடுப்பு அது. பல வண்டிகளில் அது ரஸ்க் மாதிரி பொடிந்து உறைக்குள்ளே கிடக்கும், அப்படியானால் பெரிய குழியில் ஷாக் அடிவரை போய் இரும்போடு இரும்பு முட்டுகிறது என்று அர்த்தம். லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று இருக்கக் கூடாது. லோயர் ஆர்மின் பின்புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், போலோவில் அடிக்கடி போவது அதுதான்.

மாற்றும்போது மறக்காமல் ஒன்று சொல்லுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டை சக்கரம் தொங்குகிற நிலையில் முழுதாக முறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் தரையில் இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஓட்டமும் விறைப்பாக இருக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பல இடங்களில் நேரத்தை மிச்சம் பிடிக்க இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்காடு20:
எல்லோரும் லோயரிங் ஸ்பிரிங் என்றாலே பேயைக் கண்ட மாதிரி பேசுகிறீர்கள். என் போலோவில் ஐபாக் கம்பெனியின் ப்ரோ-கிட் லோயரிங் ஸ்பிரிங்கும் பில்ஸ்டைன் கம்பெனியின் பி8 ஷாக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும், ஹைவேயில் மிதப்பே கிடையாது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் முதுகு உடையும் என்பதெல்லாம் மிகை. சரியான ஷாக்கோடு போட்டால் எதுவும் ஆகாது ப்ரோ, தாராளமாகப் போடுங்கள்.

ஆயில்சீல்:
ஏற்காடு20 சொல்வதில் பாதி சரி, பி8 நீளம் குறைந்த ஷாக், இறக்கிய ஸ்பிரிங்குக்காகவே செய்தது. அது அவருக்குப் பொருந்தும். ஆனால் சேலம்போலோ கேட்டது மலைக்கு அல்லவே, நாமக்கல் ரோட்டுக்கும் அம்மாவுக்கும்.

எது எதற்கு என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, ஷாக் அசைவை அடக்குகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பை 30 சதவீதம் கூட்டினால் பாடி மேலும் கீழும் ஆடும் வேகம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடும், பின் சீட்டில் இருப்பவருக்கு முதலில் தெரிவது அதுதான். கூடவே 35 மில்லிமீட்டர் இறக்கினால் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடத்தில் அவ்வளவு போய்விடுகிறது. நாலு பேர் உட்கார்ந்து பெட்டியும் வைத்தால் சின்ன மேட்டுக்கே பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். 'இறுக்கமாக இருக்கிறது' என்று பலர் சொல்வது ஸ்பிரிங்கின் இறுக்கம் இல்லை, பம்ப் ஸ்டாப்பில் வாங்குகிற அடி.

ஷாக்கில் கவனிக்க வேண்டியது அதன் தண்டு எவ்வளவு வேகமாக அசைகிறது என்பது. வளைவில் பாடி சாயும்போதும் பிரேக்கில் முன்பக்கம் குனியும்போதும் தண்டு மெதுவாக அசைகிறது, குழியின் விளிம்பில் அடிபடும்போது மிக வேகமாக. மெதுவான அசைவுக்கு நல்ல பிடியும் வேகமான அசைவுக்கு விட்டுக்கொடுப்பும் இருக்கிற ஷாக் கிடைத்தால் நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். கோனி கம்பெனியின் ஸ்பெஷல் ஆக்டிவ் ஷாக் (முன்பு எஃப்எஸ்டி என்று பெயர்) இதற்காகவே செய்தது, சிறு அதிர்வுகள் வேகமாக வரும்போது எண்ணெய்க்கு உள்ளே தனியாக ஒரு வழி திறக்கும், மெதுவான அசைவில் அது மூடிக்கொள்ளும். விலை அதிகம். பில்ஸ்டைனில் பி4 கம்பெனி ஷாக்குக்கு நேர் மாற்று. பி6 அதே ஸ்பிரிங்குக்குத்தான், ஆனால் ஒற்றைக் குழாய் கேஸ் ஷாக், பிடிமானம் பிரமாதம், உடைந்த டவுன் ரோட்டில் கொஞ்சம் தட்டும்.

நானாக இருந்தால் உயரத்தைத் தொடாமல், கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்து, பட்ஜெட் இருந்தால் கோனி, இல்லையென்றால் பி4. காயில்ஓவர் (உயரத்தைத் திருகி மாற்றுகிற ஸ்பிரிங்-ஷாக் செட்) வேண்டவே வேண்டாம்.

அந்த ரப்பர் பஃபரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அது இரண்டு சுற்றுக்கு நடுவே உட்கார்ந்து அந்தச் சுற்றை வேலை செய்ய விடாது. ஸ்பிரிங் கட்டையாகி விறைத்துப்போகும், ஷாக்குக்கு அடக்க வேண்டிய சுமை கூடும்.

கியர்_நாலு:
ஆயில்சீல் சொன்னதற்கு மேல் இரண்டு. வேகத்தடைக்கு இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுகிற மாதிரி. நம் தெருக்களில் இருப்பது அதே உயரம், ஒரு முழ நீளம்! அதில் 35 மில்லிமீட்டர் இறங்கிய வண்டி அடிவயிற்றை உரச நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுகிற அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. உயரத்தை மாற்றினால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க ஒரு காரணத்தை நாமே கொடுக்கிறோம். அதே அளவில் ஷாக் மாற்றினால் இந்தத் தலைவலி இல்லை.

டயர்பைத்தியம்:
யாருமே டயரைப் பற்றிப் பேசவில்லையே. முதல் சஸ்பென்ஷன் அதுதான். ஹைலைனில் வருவது 185/60 ஆர்15, அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 15 இஞ்ச். பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர். பலர் போடுவது 195/60 ஆர்15, பக்கச்சுவர் 117, மொத்த விட்டம் 2 சதவீதம்தான் கூடுகிறது, குழியில் கொஞ்சம் மென்மை, பிடிமானமும் கூடும். 17 இஞ்ச் அலாய் ஆசை இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள், பக்கச்சுவரும் குறையும், சக்கரத்தின் எடையும் ஏறும், அந்த எடையை அடக்க வேண்டியதும் அதே ஷாக்தான். காற்று எவ்வளவு பிடிக்கிறீர்கள்? பங்க்கில் கேட்காமலே 35, 40 பிஎஸ்ஐ என்று ஏற்றிவிடுவார்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

சேலம்போலோ:
எல்லோருக்கும் நன்றி. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. முன்பக்க ஷாக் இரண்டும் நனைந்து கறுப்பாக இருக்கின்றன, இடது லிங்க் ராட் கையில் ஆடுகிறது, வலது பக்க பம்ப் ஸ்டாப்பில் பாதிதான் மிச்சம், மீதி பொடியாகக் கொட்டியது. லோயர் ஆர்ம் புஷ்ஷில் இரண்டு பக்கமும் விரிசல். காற்று 38 இருந்தது, இறக்கியதுமே பாதி தட்டு போய்விட்டது. பின்பக்க ஷாக்கில் கசிவு இல்லை. இப்போதைக்கு முன்பக்கம் மட்டும் பி4 போட்டுவிட்டு, பின்பக்கத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா?

ஆயில்சீல்:
செய்யலாம், தப்பில்லை, இடது வலது ஜோடியாக மாற்றினால் போதும். ஆனால் அம்மா உட்காருவது பின்பக்கம் என்பதை யோசியுங்கள். கசிவு இல்லாவிட்டாலும் அந்த ஓட்டத்துக்கு உள்ளே வால்வு தளர்ந்துதான் இருக்கும், முன்பக்கம் புதிதாகிவிட்டால் பின்பக்க ஆட்டம் தனியாகத் தெரியும். போலோவில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, அதனால் கூலி குறைவு. முடிந்தால் நாலையும் ஒன்றாக முடித்துவிடுங்கள்.

முன்பக்கத்துக்கு ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கின் தலையைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர்), பேரிங், பம்ப் ஸ்டாப், உறை நாலும் புதிதாக வாங்குங்கள். பழையதைத் துடைத்து மாட்டினால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கச் சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்திருக்கிற இடமாகப் பாருங்கள், கயிறு கட்டி வேலை பார்க்கிற இடம் வேண்டாம், ஸ்பிரிங் தெறித்தால் ஆள் காலி.

ஏற்காடு20:
சரி, அம்மா விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலைக்கு என் வண்டிதான். 😄 வேலை முடிந்ததும் கொஞ்ச தூரம் ஓட்டி, எல்லாம் படிந்த பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள் ப்ரோ, கராஜ் வாசலிலேயே பார்த்துவிட்டுப் போகாதீர்கள். ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.