இடது குழல் காலித் தோட்டாவை எறிய மறுக்கிறது: ஸ்ப்ரிங் மாற்றலாமா?

குன்னூர்க்காரன்: தாத்தா காலத்து வெப்லி அண்ட் ஸ்காட், குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர். தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய பிறகு ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். வலது குழல் காலித் தோட்டாவைத் தோளுக்கு மேல் எறிகிறது. இடதில் பாதி வந்து நின்றுவிடுகிறது, நகத்தால் நெம்ப வேண்டியிருக்கிறது. ஸ்ப்ரிங் போய்விட்டதா?

டிராப்பிரியன்: ஸ்ப்ரிங்தான், யோசிக்கவே வேண்டாம். என் பெரட்டா 686-லும் இதே கதைதான். புது ஸ்ப்ரிங் வாங்கி நானே போட்டேன், அன்றோடு தீர்ந்தது. எஜெக்டர், அதாவது காலித் தோட்டாவை எறியும் பாகம், அதன் ஸ்ப்ரிங் தேயும் சாமான், அதை வைத்து மருகிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

பழைய இரும்பு: தம்பி, உங்கள் பெரட்டாவில் இருப்பது சுருள் ஸ்ப்ரிங், பாகமாகவே விலைக்குக் கிடைக்கும். அவருடையது பெரும்பாலும் சவுத்கேட் முறையாக இருக்கும். ஃபோரெண்டுக்குள் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரப்பகுதி) குழலுக்கு ஒன்றாக இரண்டு சிறு சுத்தியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வி வடிவ ஸ்ப்ரிங். பேனாக்கத்தியை மடக்கும்போது பாதி தாண்டியதும் தானாகவே விழுகிறதே, அதே கணக்கு. அந்த ஸ்ப்ரிங்கை ஆள் உட்கார்ந்து அராவி, பதம் பார்த்துச் செய்ய வேண்டும். நோய் தெரியாமல் மருந்து எதற்கு?

குன்னூர்க்காரரே, இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகு டம்மி (மருந்தில்லாத) தோட்டா போட்டு இரண்டு விசையையும் இழுங்கள். பிறகு மெதுவாகத் திறங்கள். முழுசாகத் திறக்கும் தறுவாயில் இரண்டும் ஒரே நேரத்தில் தெறிக்க வேண்டும். இடது முந்தினாலோ பிந்தினாலோ தட்டிவிடும் பாகம் தேய்ந்திருக்கிறது. நேரம் சரியாக இருந்து வேகம் மட்டும் குறைந்தால் அழுக்கு அல்லது ஸ்ப்ரிங். டம்மி ஜோராகப் பறந்து, சுட்ட தோட்டா மட்டும் நின்றால் எஜெக்டர் மேல் பழியே போடாதீர்கள், கோளாறு சேம்பரில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையில்.

டிராப்பிரியன்: இத்தனை சோதனை செய்து முடிப்பதற்குள் புது ஸ்ப்ரிங்கே வந்து சேர்ந்துவிடும் சார்.

பருத்திக்காட்டான்: நான் ஒன்று சொல்லட்டுமா? எஜெக்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு எக்ஸ்ட்ராக்டர் மாதிரி, எறியாமல் தோட்டாவைக் கொஞ்சம் மட்டும் வெளியே தள்ளும்படி, வைத்துக்கொள்ளுங்கள். கையால் எடுத்தால் என்ன குறைந்துவிடும்? காலித் தோட்டாவைப் பொறுக்கக் குனியும் வேலையும் மிச்சம். எங்கள் ஊர் லேத் பட்டறையில் அரை மணி நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

பழைய இரும்பு: லேத் பட்டறையா! துப்பாக்கி பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். அப்புறம், எஜெக்டரை முடக்கினாலும் தோட்டா ஒட்டிக்கொள்வது நிற்காது. எறிய முடியாததை விரலால் மட்டும் எப்படி எடுப்பீர்கள்?

குன்னூர்க்காரன்: சோதனை செய்தேன். டம்மி இரண்டும் சேர்ந்தே பறக்கின்றன. ஆனால் சுட்ட தோட்டாவை இடது சேம்பரில் கையால் போட்டால் முக்கால்வாசியோடு நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு வளையம் தெரிகிறது.

பழைய இரும்பு: துரு. பாஸ்பர் வெண்கல சேம்பர் பிரஷ், சால்வென்ட், பொறுமை, இவ்வளவுதான். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். சேம்பர் ஒருமுறை பெரிதானால் திரும்பச் சிறிதாகாது. முடிந்ததும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் சுட வேண்டும். ஈரமான சேம்பரில் கூடு சுவரைப் பிடிக்காது, அடி முழுக்கப் பின்பக்கம் விழும். எக்ஸ்ட்ராக்டர் காலின் பள்ளத்தில் பிசின் மாதிரி பழைய எண்ணெய் சேர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுங்கள். எக்ஸ்ட்ராக்டரைப் பிடித்திருக்கும் திருகாணியின் பள்ளம் மெல்லியது, சாதாரண ஸ்குரூ டிரைவர் போட்டால் விளிம்பு சிதைந்துவிடும். ஃபோரெண்டைக் கழற்றி வைத்திருக்கும்போது சுத்தியல் தட்டிக்கொண்டால் கட்டைவிரலால் தள்ளாதீர்கள், மரத்துண்டில் வைத்து அழுத்துங்கள்.

டிராப்பிரியன்: சரி, துரு என்றே வைத்துக்கொள்வோம். நல்ல ஸ்ப்ரிங் இருந்தால் அந்தத் துருவையும் மீறி எறிந்திருக்குமே?

பழைய இரும்பு: எறியும். எக்ஸ்ட்ராக்டர் நாக்கு தோட்டாவின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு எறியும். மலிவு தோட்டாக்களில் தலைப்பகுதி எஃகு, பித்தளை மாதிரி சுருங்கித் திரும்பாது. ஆகவே இன்னும் இறுகும். கூடவே இன்னொன்று: குழலின் அடியில், திறந்தால் தெரியும் தட்டைப் பகுதியில், சேம்பர் நீளம் குத்தியிருக்கிறதா?

குன்னூர்க்காரன்: 2½ அங்குலம் என்று இருக்கிறது. என் தோட்டாப் பெட்டியில் 70 மில்லிமீட்டர். ஆனால் போடும்போது சுகமாகவே உள்ளே போகிறதே?

பழைய இரும்பு: போகும். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருக்கிறது, அதனால் குட்டை. சுட்டதும் மடிப்பு விரிந்து முழு 70 ஆகும். உங்கள் சேம்பர் சுமார் 65. மிச்ச 5 மில்லிமீட்டர் குழல் குறுகும் இடத்தில் போய் முட்டும், அழுத்தம் ஏறும். முதலில் அதை நிறுத்துங்கள், வலது குழலுக்கும் சேர்த்துத்தான்.

பருத்திக்காட்டான்: பாதிப் பேர் இந்த நாட்டில் பழைய இங்கிலீஷ் துப்பாக்கியில் 70-தான் போடுகிறார்கள். ஒன்றும் ஆகவில்லையே.

டிராப்பிரியன்: இதில் நான் பழைய இரும்பு சார் பக்கம். ஆனால் துருவை எடுத்த பிறகும் எறியவில்லை என்றால் ஸ்ப்ரிங் பேச்சைத் திரும்ப எடுப்பேன்.

பழைய இரும்பு: எடுங்கள். அப்போதும் லைசென்ஸ் உள்ள ஆளிடம்தான் போக வேண்டும். 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கும் அவரிடமே சொல்லி வையுங்கள், எல்லாக் கடையிலும் இருக்காது.