எல்-சிஸ்டத்தில் ஆடுதுறை 43: தூர் எண்ணிக்கை கட்டுக்கடங்கவில்லை

மன்னார்குடி மாணவி:
வணக்கம். குறுவையில் நட்ட ஆடுதுறை 43 நெல்லை எல்-பை மென்பொருளில் (செடி வளர்வதை விதிகளாக எழுதும் எல்-சிஸ்டம் முறைக்கானது) முப்பரிமாண மாதிரியாக எழுதிவருகிறேன். அடிப்படை வெப்பநிலை (இதற்குக் கீழே வளர்ச்சி இல்லை) 8 பாகை செல்சியஸ், 100 பாகை-நாளுக்கு (அதற்கு மேலுள்ள சூட்டை நாள்தோறும் கூட்டிய கணக்கு) ஒரு இலை, இலைக்கு இலை 137.5 பாகை திருப்பம். இலை விரிந்ததுமே அதன் கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் இடம்) ஒரு தூர் (பக்கத்தண்டு) கிளம்பும் என்று விதி. நடவு இடைவெளி 15×10 செ.மீ. நட்ட 30ஆம் நாளில் ஒரே நாற்றிலிருந்து 60 தூருக்கு மேல் காட்டுகிறது. வயலில் குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட நாற்றுத் தொகுதி) 15 தேறுவதே அதிகம். செடியும் கற்றாழை போல எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கிறது. எங்கே பிசகு?

கும்பகோணம் தாவரவியல்:
முதலில் கோணத்தை மாற்றும்மா. 137.5 சூரியகாந்தி போலச் சுருளாக அடுக்கும் செடிகளுக்கு. நெல்லில் இலைகள் எதிரெதிராக இரண்டே வரிசை, அதாவது 180 பாகை. கற்றாழைத் தோற்றம் இதோடு போய்விடும்.

அடுத்தது தூர். ஜப்பானிய ஆய்வாளர் கட்டயாமா 1951இல் வகுத்த ஒழுங்கு இது: தாய்த்தண்டில் 8ஆவது இலை தலைகாட்டும்போதுதான் 5ஆவது இலையின் கக்கத்துத் தூர் தன் முதல் இலையை நீட்டும். எப்போதும் 3 இலை பின்தங்கல். நீங்கள் இந்தத் தாமதத்தையே வைக்கவில்லை. ஒவ்வொரு தூரும் உடனே தன் தூரை விடுவதால் கணக்கு மடங்கு மடங்காக ஏறுகிறது. மொட்டுக்கு ஒரு வயது எண் கொடுத்து, 3 இலை இடைவெளி கடந்தபின் மட்டும் விழிக்க விடுங்கள்.

இன்னொன்று, நாற்றங்கால் நெருக்கத்தில் அடிக்கணு மொட்டுகள் பெரும்பாலும் உறங்கிப்போகும். பறித்து நட்டபின் பச்சை திரும்பும்வரை புது இலையும் மந்தம். நட்ட நாளிலிருந்து 5 முதல் 7 நாள் வளர்ச்சியை நிறுத்தி ஓட்டிப் பாருங்கள்.

திருவாரூர் நிரலர்:
மேலே சொன்னதைச் செய்தாலும் எண்ணிக்கை இன்னும் கூடத்தான் வரும். தனிக் குத்தை ஓட்டுகிறீர்களா? அப்படியானால் நாலு பக்கமும் வெயில். பக்கத்துக் குத்தின் நிழல் இல்லாமல் தூர் நிற்கக் காரணமே கிடையாது. குறைந்தது 4×4 குத்து வைத்து, ஓரங்களைச் சுற்றி மடித்து இணையுங்கள். கிழக்கே வெளியேறும் ஒளிக்கதிர் மேற்கே உள்ளே வரவேண்டும். குத்துக்கு ஒரு நாற்றா, 2–3 நாற்றா என்பதையும் வயலில் நட்டபடியே வையுங்கள்.

நிறுத்தும் விதிக்கு இலைப்பரப்புக் குறியீடு (நிலப்பரப்புக்கு எத்தனை மடங்கு இலைப்பரப்பு என்பது) போதும். அது 3–4ஐத் தொடும்போது புதுத் தூர் எழுவது நிற்க வேண்டும். உங்கள் இடைவெளியில் ஒரு குத்துக்கு நிலம் 150 சதுர செ.மீ.; குறியீடு 4 என்றால் குத்துக்கு 600 சதுர செ.மீ. இலை. மாதிரியில் இந்த எண்ணை ஒவ்வொரு நாளும் அச்சிடச் சொல்லுங்கள், எந்த நாளில் பிசகுகிறது என்று உடனே தெரியும். அதன்பின் ஒளி கிடைக்காத கடைசித் தூர்களைச் சாகவிடும் விதியும் வேண்டும். வயலில் பிந்தி எழுந்த தூர்கள் கதிர் விடாமலே மடிகின்றன. இந்த விதியை வைக்காவிட்டால் கதிர் எண்ணிக்கை தப்பாகும்.

ஒரத்தநாடு வயல் ஆய்வு:
வெப்பக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. தண்டு நீளும்வரை நெல்லின் வளர்நுனி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, மண்ணை ஒட்டித்தான் இருக்கும். அதற்குத் தெரிவது காற்றின் சூடு அல்ல, தேங்கிய நீரின் சூடு. நீர்புகா வெப்ப உணரி ஒன்றைக் குத்தின் அடியில் மண்மட்டத்தில் கட்டி மணிக்கொரு முறை பதியுங்கள். நாள் சராசரியைப் போட்டால் மதிய உச்சம் மறைந்துவிடும். 30 பாகைக்கு மேல் வளர்ச்சி வேகம் கூடாது, குறையத் தொடங்கும். ஒரைசா என்ற நெல் வளர்ச்சிக் கணினி மாதிரியும் 8 (அடிப்படை), 30 (உகந்தது), 42 (உச்சம்) என்ற மூன்று எண்களை வைத்து மணிக்கணக்கில்தான் கூட்டுகிறது.

இலை எண்ணுவதில் கவனம். முளைக்குருத்தை அடுத்து வருவது விரியும் இலைப்பகுதி இல்லாத வெறும் உறை. சிலர் அதையும் 1 என்று எண்ணுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். இந்த ஒன்று மாறினால் கட்டயாமா கணக்கே ஒரு கணு நகர்ந்துவிடும். அடியிலைகள் சேற்றில் அழுகுவதால், 5ஆவது இலையில் ஒரு புள்ளி, 7இல் இரண்டு, 9இல் மூன்று என்று அழியாத மையால் குறித்துவிட வேண்டும். இலைப்பரப்புக்கு நீளம் × அகலம் × 0.75.

மன்னார்குடி மாணவி:
மிக்க நன்றி. தனிக் குத்தைத்தான் ஓட்டினேன். 100 பாகை-நாள் என்பதைக் கண்ணாடி இலை (கதிருக்குக் கீழுள்ள கடைசி இலை) வரை அப்படியே வைக்கலாமா?

கும்பகோணம் தாவரவியல்:
வேண்டாம். குருத்துக்குள் கதிர் உருவாகத் தொடங்கியபின் இலைக்கு இலை இடைவெளி சுமார் 170 பாகை-நாள் ஆகிவிடும். 4–5 நாளுக்கொரு இலை வந்தது 7–8 நாளுக்கு ஒன்றாகும். மாறும் நாளை ஊகிக்காதீர்கள். தாய்த்தண்டை நீளவாக்கில் பிளேடால் பிளந்து, உருப்பெருக்கியில் நுனியைப் பாருங்கள். வெண்பஞ்சு போல 1 மி.மீ. அளவில் கதிர்க்கரு தெரிந்தால் மாற்றம் சில நாள் முன்பே நடந்துவிட்டது என்று கொள்ளலாம்.