சுப்பர்சார்ஜர் பூட்டும்போது லொக்டைட் போட்ட அனுபவங்கள்

கொக்குவிலில் இருந்து:

என்னுடையது ஏஇ101 கொரோலா. ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த 4ஏ-ஜிஇசட்இ இன்ஜினை அதற்குள் இறக்கினோம். 1600 சிசி, எஸ்சி12 சுப்பர்சார்ஜர் (பெல்ட்டில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது). இன்ஜின் வரும்போதே சுப்பர்சார்ஜரைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள், அதனால் அதைத் தாங்கும் பிராக்கட்டில் இருந்து எல்லாவற்றையும் நாங்களே பூட்ட வேண்டி வந்தது. கராஜில் மெக்கானிக் பாஸும் நானும் இரண்டு நாள் நின்று பூட்டினோம். போல்ட்டுகள் கழலாமல் இருக்க மரையில் பூசும் பசையான லொக்டைட்டில் நீலத்தையும் போட்டோம்.

வருடப்பிறப்புக்கு முதல் கிழமை வவுனியாவுக்குப் புறப்பட்டோம். ஆனையிறவு தாண்டும்போது முன்பக்கம் கிரீச் என்று ஒரு சத்தம். பரந்தன் சந்தியில் நிறுத்தி பொனட்டைத் திறந்தால், பெல்ட்டின் ஒரு விளிம்பு நார்நாராகக் கிழிந்திருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்து சுப்பர்சார்ஜரை அசைத்துப் பார்த்தேன், ஆடியது. பிராக்கட் போல்ட்டுகளில் இரண்டு, விரலாலேயே சுற்றும் அளவுக்குக் கழன்றிருந்தன. பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள். அந்த வேகத்தில் பெல்ட் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

வீட்டுக்கு வந்து போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. லொக்டைட் காயவே இல்லை, மரையில் இன்னும் ஈரமாகப் பிசுபிசுத்தது. பழைய இன்ஜின் என்றபடியால் துளைகளுக்குள் எண்ணெய் ஊறி இருந்தது. நாங்கள் டபிள்யூடி-40 அடித்துத் துடைத்துவிட்டுப் போட்டிருந்தோம். டபிள்யூடி-40 தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும் என்பது அப்போது தெரியாது. பூட்டி ஒரு மணி நேரத்தில் இன்ஜினையும் ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பார்த்தோம். அதுவும் பிழை.

இரண்டாம் தரம் எல்லாவற்றையும் கழற்றினேன். கம்பித் தூரிகையால் மரைகளைத் தேய்த்து, துளைக்குள் பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, முழுக்கக் காயும்வரை விட்டேன். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் தாங்கக்கூடிய 243 என்ற நீல லொக்டைட்டை வாங்கினேன். பிராக்கட்டில் மறுபக்கம் திறந்த துளைகளும் உண்டு, அடைத்த துளைகளும் உண்டு. திறந்த துளைக்கு, போல்ட்டில் மரை பிடிக்கும் இடத்தில் போட்டால் போதும். அடைத்த துளைக்கு போல்ட்டில் போட்டால் சரிவராது, உள்ளே இருக்கும் காற்று லொக்டைட்டை மேலே தள்ளிவிடும். துளைக்குள்ளேயே இரண்டு துளி விடவேண்டும். அதற்காக நிறைய ஊற்றினால் போல்ட் அடிவரை இறங்க இடம் இருக்காது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்கி 24 மணி நேரம் தொடாமல் விட்டேன். அப்புறம் ஒவ்வொரு போல்ட் தலையிலும் பிராக்கட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு. கழன்றால் கோடு விலகிக் காட்டும். 3,000 கிலோமீட்டர் ஓடிவிட்டேன், இன்னும் நேராகவே இருக்கிறது.

வேறு யாராவது இப்படிப் பூட்டியிருந்தால் எழுதுங்கள். புது லொக்டைட் போத்தல் பாதிதான் இருந்தது என்று ஸ்ரான்லி வீதிக் கடைக்காரருடன் கதைபட்டுவிட்டேன், அதுவும் மனதில் கிடக்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகர், பொறியியல் பீட மாணவன்:

அண்ணை, கடைக்காரரில் பிழை இல்லை. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் மட்டும் லொக்டைட் திரவமாக இருப்பதும், காற்று இல்லாத இடத்தில் உலோகம் பட்டால் இறுகுவதும்தான் அதன் குணம். போத்தலை முட்ட நிரப்பினால் உள்ளேயே இறுகத் தொடங்கும். அதனால்தான் காற்று ஊடுருவும் பிளாஸ்டிக்கில், பாதி வெறுமையாக விட்டு அடைக்கிறார்கள். 1953 இல் வெர்னன் கிரீபிள் என்ற அமெரிக்க இரசாயனவியல் பேராசிரியர் உருவாக்கியது இது. நாகம் பூசிய போல்ட்டிலும் ஸ்ரெயின்லஸ் போல்ட்டிலும் மெதுவாகத்தான் இறுகும், அவற்றுக்கு 24 மணி நேரத்தையும் தாண்டி விடுங்கள்.

உங்கள் பிராக்கட் கழன்றதற்கு அதிர்வு மட்டும் காரணம் இல்லை. பெல்ட் ஒரு பக்கம் இழுக்கிறது, இரும்பும் அலுமினியமும் சூட்டில் வேறு வேறு அளவில் விரிகின்றன. இரண்டும் சேர்ந்து பிராக்கட்டைப் பக்கவாட்டில் துளித் துளியாக நகர்த்துகின்றன. அந்த நகர்வில் மரைகளுக்கு இடையிலான உராய்வு விட்டுக்கொடுத்து, போல்ட் தானாகச் சுற்றுகிறது. 1969 இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். அதே வகைச் சோதனையில் ஸ்பிரிங் வொஷர் பெரிதாக உதவுவதில்லை. லொக்டைட் மரையின் இடைவெளியை நிரப்பி அந்தச் சுற்றலைத் தடுக்கும். ஆனால் போல்ட் சரியான டோர்க்கில் இறுகி இல்லாவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

காரைநகரில் இருந்து:

தயவுசெய்து நீலத்தைவிடப் பலமான சிவப்பு லொக்டைட்டைப் போடாதீர்கள். பென்ஸ் சி180 கொம்பிரஸரில் சுப்பர்சார்ஜரைக் கழற்றிப் பூட்டும்போது, "பலமானது நல்லதுதானே" என்று 271 சிவப்பைப் போட்டேன். ஒன்றரை வருடத்தில் பெயாரிங் சத்தம் போட்டது, திரும்பக் கழற்ற வேண்டி வந்தது. ஒரு போல்ட் அசையவே இல்லை. சிவப்பு இளகுவதற்கு ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டை அங்கே காட்டினால் பக்கத்தில் உள்ள ரப்பர் சீல் கருகிவிடும். நீட்டுப் பைப் போட்டு நெம்பினேன். போல்ட் வந்தது, அலுமினிய மரையையும் உரித்துக்கொண்டு வந்தது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஹெலிகொயில் (உரிந்த மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள் மரை) போட்டுத்தான் மீட்டேன். நீலம் என்றால் சாதாரண ஸ்பனருக்கே கழன்றிருக்கும்.

சாவகச்சேரியில் இருந்து:

தம்பிமார் எழுதியதைப் பார்க்க 90களின் கராஜ் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40 கார்களுக்குக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெயில் இன்ஜின் இடிக்கும், ஆடும், கண்ட இடத்துப் போல்ட் எல்லாம் கழன்று வரும். லொக்டைட்டுக்கு எங்கே போவது? பெண்பிள்ளைகள் பூசும் கியூட்டெக்ஸை மரையில் தடவி இறுக்குவோம். முக்கியமான இடம் என்றால் போல்ட் தலையில் துளையிட்டுக் கம்பி கட்டுவோம்.

என் குரு ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். மண்ணெண்ணெயில் கழுவிய போல்ட்டை அப்படியே பூட்ட விடமாட்டார். சவர்க்காரம் போட்டுத் திரும்பக் கழுவி, வெயிலில் தகரத்தின் மேல் பரப்பிக் காயவைத்த பிறகுதான் கியூட்டெக்ஸ் போத்தலைத் திறப்பார். கொக்குவில் தம்பி, உங்கள் டபிள்யூடி-40 கதையை வாசித்தபோது அவர்தான் கண்ணுக்குள் வந்தார்.

ஸ்காபரோவில் இருந்து, சொந்த ஊர் நல்லூர்:

எல்லாரும் உலோகத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒன்றைச் சேர்க்கிறேன். என் காரில் பூட்டும்போது வழிந்த லொக்டைட் பக்கத்துப் பிளாஸ்டிக் சென்சர் உறையில் பட்டது. துடைக்காமல் விட்டேன். அடுத்த கிழமை அந்த உறையில் மயிர்போல் வெடிப்புகள். காயாத லொக்டைட் சில பிளாஸ்டிக்குகளை வெடிக்க வைக்கும் என்று பிறகுதான் வாசித்தேன். இப்போது துணி ஒன்றைக் கீழே விரிக்காமல் போத்தலைத் திறப்பதில்லை.

கொக்குவிலில் இருந்து:

எல்லாருக்கும் நன்றி. சாவகச்சேரி ஐயா, எங்கள் பாஸுக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன், அவரும் கியூட்டெக்ஸ் போட்டவராம். இன்ஜின் புகை வெளியேறும் எக்ஸோஸ்ற் மனிபோல்ட் நட்டுகளுக்கும் நீலம் போடலாமா என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம். 243 ஏறத்தாழ 180 பாகை வரைதான் தாங்கும், அங்கே சூடு அதற்கு எவ்வளவோ மேல். முழு உலோக லொக் நட்டுப் போடுங்கள். கடைக்காரரிடம் நாளைக்குப் போகிறேன், போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.